பழைய ஃபிலிம் கேமரா பழுது: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ்டவுனில் பழைய கேமரா, லென்ஸ் பழுது பார்க்கிறேன் என்று தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன். என்னிடம் வருகிற கேமராக்களில் பெரும்பாலானவை உடைந்தவை அல்ல. நம் ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் கிடந்து பிசுபிசுத்துப் போனவை. அந்தப் பிசுபிசுப்பைவிட அவசரப்பட்டு எடுத்த ஸ்க்ரூடிரைவர்தான் அதிகக் கேமராக்களைக் கொன்றிருக்கிறது. அதனால் கீழே கழற்றுவதைப் பற்றிக் குறைவாகவும், கழற்றாமல் பார்த்துக் கண்டுபிடிப்பதைப் பற்றி நிறையவும் இருக்கும்.

அண்ணே, தாத்தாவோட கேமரா அலமாரியில கிடைச்சது. ஃபிலிம் போட்டா வேலை செய்யுமா?

முதலில் உள்ளே ஏற்கெனவே ஃபிலிம் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே இடப்பக்கம் இருக்கும் ரீவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். சில சுற்றுக்குள் இறுகினால் உள்ளே சுருள் இருக்கிறது; பின்கதவைத் திறக்கவே கூடாது. அடிப்பாகத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு முழுவதும் சுற்றி எடுத்த பிறகு திறக்கலாம். எவ்வளவு பழைய சுருளாக இருந்தாலும், கறுப்பு வெள்ளையாகக் கழுவிப் பார்த்தால் ஏதாவது ஒரு முகம் தெரிய வாய்ப்பு உண்டு.

அப்புறம் ஃபிலிம் இல்லாமலேயே பின்கதவைத் திறந்து, ஜன்னல் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை, அதாவது ஃபிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் திரையை, அடித்துப் பாருங்கள். 1/500-க்கும் 1/30-க்கும் காதிலேயே வித்தியாசம் கேட்க வேண்டும். மெக்கானிக்கல் கேமராவில் முதலில் சோர்ந்துபோவது 1 நொடி, 1/2, 1/4 போன்ற மெதுவான வேகங்கள்தான். அவற்றை நடத்தும் சின்னப் பல்சக்கரத் தொகுதியில் பழைய கிரீஸ் கெட்டியாகிவிடும். விடாமல் இருபது முப்பது முறை அடித்தால் சில சமயம் தானாகவே இளகும். இளகினாலும் அது தற்காலிகம்தான்.

செல்ஃப் டைமரை மட்டும் தொடாதீர்கள். பாதியில் நின்றால் ஷட்டரும் அதோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் பழைய கேமராக்களில் இது சர்வ சாதாரணம்.

பேட்டரி போடற இடம் பச்சையா பூத்துப் போயிருக்கு. போச்சா?

பெரும்பாலும் போகவில்லை. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம், அதனால் அமிலம்தான் அதைக் கரைக்கும். காட்டன் பட்டில் வினிகரைத் தொட்டுத் துடையுங்கள். வெள்ளைப் பொருக்கு லேசாக நுரைத்துக் கரையும். வினிகரை உள்ளே ஊற்ற வேண்டாம். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை மெல்லச் சுரண்டுங்கள். பழைய பாதரச பேட்டரி கசிந்திருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

துடைத்த பிறகும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எழவில்லை என்றால் ஒயரைச் சந்தேகியுங்கள். கசிந்த காரம் ஒயரின் உறைக்குள் ஏறிச் செம்பைக் கறுக்க வைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒயர் நன்றாகத்தான் இருக்கும். அடித்தட்டைக் கழற்றி அந்தச் சிறு துண்டை மாற்றினால் பல கேமராக்கள் எழுந்து உட்காரும். சால்டரிங் தெரிந்த எந்த ரேடியோக்காரரும் செய்துவிடுவார்.

கையேட்டில சொல்ற பேட்டரி எந்தக் கடையிலயும் இல்லையே?

இருக்காது. 1960, 70களின் கேமராக்கள் பல 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. பாதரசம் நஞ்சு என்பதால் 1990களில் அவை சந்தையை விட்டே போய்விட்டன. ஒலிம்பஸ் ஓஎம்-1, கேனன் கேனோனெட் கியூஎல்17, மினோல்ட்டா எஸ்ஆர்டி வரிசை எல்லாம் இந்த வகை.

அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைனைப் போட்டால் முள் அசையும், ஆனால் பொய் சொல்லும். வோல்ட் கூடுவதால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு படத்தை இருட்டாக்கும். அதைவிடத் தொல்லை, ஆல்கலைன் தீரத் தீர வோல்ட் இறங்கிக்கொண்டே வரும். இன்று ஒரு அளவு, அடுத்த மாதம் இன்னொரு அளவு. நான் சொல்வது காது கருவிக்கான 675 எண் பேட்டரி. 1.4 வோல்ட், கடைசிவரை ஒரே நிலையாக நிற்கும், காது கருவி விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். விட்டம் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வேண்டும். காற்றை உறிஞ்சி வேலை செய்யும் வகை, ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்துவிட்டால் சில வாரங்களில் காய்ந்துவிடும். விலை குறைவுதான், மாற்றிக்கொண்டே இருங்கள்.

எல்லாக் கேமராவும் இப்படிக் கறாராக இருக்காது. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கின் மீட்டர் வோல்ட் மாறினாலும் பெரிதாக அசராது. யாஷிகா எலெக்ட்ரோ 35-க்கு 5.6 வோல்ட் பேட்டரிக்குப் பதில் 6 வோல்ட் 4எல்ஆர்44-ஐ ஓர் அடாப்டரோடு போட்டால் போதும்.

லோரோங் கூலிட் சந்தையில கேமரா வாங்கும்போது அங்கயே என்ன பாக்கணும்?

தார்ப்பாயில் பரப்பி வைத்திருக்கும் கேமராவை எடுத்தவுடன் நான் முதலில் பார்ப்பது திருகுகளின் தலையை. தலை சிதைந்திருந்தால் ஏற்கெனவே யாரோ தவறான கருவியோடு உள்ளே போய் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தூசி படிந்து, யாரும் திறக்காத கேமராவே மேல். பளபளவென்று துடைத்து, திருகு மட்டும் நைந்திருந்தால் கீழே வைத்துவிடுவேன்.

அடுத்து லென்ஸ். கைபேசி டார்ச்சை ஒரு முனையில் பிடித்து, மறுமுனையிலிருந்து சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. சிலந்திவலை போல ஓடினால் பூஞ்சை, வெள்ளைப் புகை மூட்டம் போல இருந்தால் உள்ளே படிந்த ஆவி, விளிம்பில் வானவில் நிறத்தில் திட்டு இருந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போகிறது. முதல் இரண்டையும் துடைக்கலாம். மூன்றாவதைச் செய்கிறவர் கிடைப்பது அரிது, விட்டுவிடுங்கள். தூசித் துணுக்கு நாலைந்து இருந்தால் கவலையே வேண்டாம், படத்தில் தெரியாது.

பர்ஸில் இரண்டு எல்ஆர்44 பேட்டரியும், பேட்டரி மூடி திறக்கப் பத்து சென் காசும் வைத்திருங்கள். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம் போன்றவை பேட்டரி இல்லாமலேயே எல்லா வேகத்திலும் அடிக்கும். பேட்டரி அவற்றில் மீட்டருக்கு மட்டும். கேனன் ஏஇ-1 பேட்டரி இல்லாமல் அசையாது. ‘பேட்டரி போட்டால் ஓடும்’ என்று விற்பவர் சொன்னால், ஓடாத விலையைக் கொடுங்கள்.

பின்கதவு ஓரத்துல கறுப்பா தார் மாதிரி கையில ஒட்டுது, என்னது அது?

லைட் சீல். வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டிய பஞ்சு, நம் ஊர் வெக்கையில் உருகிப் போய்விட்டது. ஜப்பான் கேமராக்களில் இது பழுதே இல்லை, வயதுதான். ஐஸ்கிரீம் குச்சியைக் கூராக்கி, ஆல்கஹாலில் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுங்கள். உலோகக் கருவி வேண்டாம், கறுப்பு வண்ணம் உரியும். துணுக்குகள் ஷட்டர் திரைமேல் விழாதபடி ஒரு காகிதத்தை மூடி வையுங்கள். பிறகு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள பஞ்சைக் கீற்றாக வெட்டி ஒட்டினால் முடிந்தது. குறுகலான பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூல்கூடப் போதும்.

ஷட்டர் அடிக்கும்போது உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி மேலே போய் முட்டும் இடத்தில் இருக்கும் பஞ்சையும் மாற்ற மறக்காதீர்கள். ஓஎம்-1 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அதில் மேலே இருக்கும் பிரிசத்தைச் சுற்றியும் பஞ்சு உண்டு. அது உருகிப் பிரிசத்தின் வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். வியூஃபைண்டரில் கறுப்புத் திட்டு தெரியத் தொடங்கினால் தாமதிக்க வேண்டாம்.

லென்ஸ்ல பூஞ்சை. மத்த லென்ஸுக்கும் தொத்திக்குமா? வெயில்ல வச்சா சாகுமா?

பூஞ்சை வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. உங்கள் சுத்தமான லென்ஸிலும் இருக்கிறது. வளர வேண்டுமானால் அதற்கு ஈரம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் முளைக்கும். பினாங்கில் சாதாரண நாளிலேயே 80 பக்கம்தான். ஆகவே ஒன்றைத் தனியே ஒதுக்குவதைவிட எல்லாவற்றையும் காய வைப்பதே முக்கியம்.

வெயில் வளர்ச்சியை நிறுத்தலாம், ஆனால் தடத்தை அழிக்காது. கூடவே லென்ஸின் கிரீஸை உருக்கி வேறு வம்பை இழுத்துவிடும், அதைக் கீழே இதழ்களைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். முன் கண்ணாடியின் வெளிப்புறத்திலோ அதற்கு அடுத்தோ இருந்தால், பார்மசியில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை லென்ஸ் தாளில் தொட்டு, சில நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் போய்விடும். குளோராக்ஸ் போன்ற வெளுப்பானைக் கலக்கவே கூடாது. பூஞ்சை அமிலத்தைச் சுரந்து லென்ஸின் மேல்பூச்சை அரிக்கும்; நாள்பட்டது என்றால் துடைத்த பிறகும் வலைத்தடம் கண்ணாடியிலேயே நிற்கும். அப்படி நின்றாலும் எடுத்துப் பாருங்கள். எதிர்வெளிச்சத்தில் மட்டும் கொஞ்சம் மங்கும், மற்ற நேரத்தில் வித்தியாசம் தெரியாது.

டிரை கேபினெட் வாங்க இப்ப காசில்ல. அரிசிப் பாத்திரத்துல வைக்கலாமா?

அரிசி சோற்றுக்கு. அதன் தூசி ஃபோகஸ் வளையத்துக்குள் போகும், ஈரத்தையும் பெரிதாக இழுக்காது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், கூடவே சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று போதும். மீட்டரில் 40 முதல் 50 வரை நிற்கட்டும். 30-க்குக் கீழே இறக்க வேண்டாம். நிறம் மாறிய ஜெல்லை ஓவன் அடுப்பில் சூடாக்கினால் மறுபடி பயன்படும்.

அலமாரியில் வைக்கும் நீர் உறிஞ்சும் டப்பா இருக்கிறதே, யானை நீர்யானைப் படம் போட்டது, அதைக் கேமரா பக்கம் கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு. உறிஞ்சிச் சேர்த்த தண்ணீர் கவிழ்ந்தால் உலோகத்தைத் தின்றுவிடும். அந்துருண்டையும் ஆகாது, கேமரா நிறுவனங்களின் கையேடுகளே அதை எச்சரிக்கின்றன. தோல் உறை அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். அதைத் தனியாக வையுங்கள்.

கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் விட்டா ஷட்டர் சரியாகாதா?

ஆகும், ஒரு வாரத்துக்கு. ஷட்டர் இதழ்களும், லென்ஸின் திறப்பைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் இதழ்களும் காய்ந்த நிலையில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. அங்கே எண்ணெய் என்பதே பழுது. டபிள்யூடி-40 தெளித்துக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அது உள்ளே முழுக்கப் பரவி, கண்ணாடியில் ஆவியாகப் படிந்து, பிறகு பிசினாக இறுகிவிடும். அப்புறம் மொத்தமாகக் கழற்றிக் கழுவுவதைத் தவிர வழியில்லை.

அப்பர்ச்சர் இதழ்ல எண்ணெய் மினுங்குது. நான் எதுவும் விடலையே?

நீங்கள் விடவில்லை, காடியின் டேஷ்போர்டு விட்டது. ஃபோகஸ் மறையில் (லென்ஸை முன்பின் நகர்த்தும் திருகுப் புரியில்) தடவிய கிரீஸ் சூட்டில் எண்ணெயும் கெட்டியுமாகப் பிரியும். எண்ணெய் மெல்ல ஊர்ந்து இதழ்களுக்கு வந்து சேரும். எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமராவின் லென்ஸில் இதன் விளைவு மோசம். நீங்கள் எஃப்/11 என்று சிறிய திறப்பு வைத்திருப்பீர்கள், ஷட்டர் திறக்கும் நேரத்துக்குள் இதழ் மூடியிருக்காது, படம் வெளுத்துப்போகும். லென்ஸைக் கழற்றி, பின்னால் உள்ள சிறு நெம்பைத் தட்டிப் பாருங்கள். இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய்.

லைட்டர் பெட்ரோலைக் காட்டன் பட்டில் தொட்டு இதழ்களைத் துடைத்து, பல முறை திறந்து மூடி, மறுபடி துடைக்க வேண்டும். எண்ணெய் போகும்வரை திரும்பத் திரும்ப. முன்பக்கக் கண்ணாடித் தொகுதியை எடுத்தால்தான் சரியாக எட்டும். மூடிய லென்ஸுக்குள் பெட்ரோலை ஊற்றினால் எண்ணெய் கரைந்து கண்ணாடிக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது.

கேனோனெட்ல பட்டன் அழுத்தினா சத்தம் வருது, ஆனா ஷட்டர் திறக்கல.

மேலே சொன்ன அதே எண்ணெய், இந்த முறை ஷட்டர் இதழில். இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காலையில் முதல் முறை திறக்காமல், பத்தாவது முறை திறந்தால் உறுதி. தீர்வும் அதேதான்: லைட்டர் பெட்ரோல், பொறுமை.

யாஷிகா எலெக்ட்ரோ 35 என்றால் கதை வேறு. அதில் ஒரு சின்ன ரப்பர்த் திண்டு உண்டு, வயதாகி நொறுங்கிவிடும். ஃபிலிமை நகர்த்தும் நெம்பைத் தள்ளும்போது ‘டக்’ என்று உள்ளே ஒரு கனமான சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் திண்டு போய்விட்டது. எல்லாப் படமும் ஒரே வேகத்தில் எடுத்தது போல வரும். பேட்டரி இல்லாவிட்டாலும் அந்தக் கேமரா 1/500-இல் அடிக்கும் என்பதால் பலர் கேமரா நன்றாக இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

ட்ரிப் 35-க்கு பேட்டரியே இல்லையாமே, மீட்டர் உயிரோட இருக்கான்னு எப்படித் தெரியும்?

ஒலிம்பஸ் ட்ரிப் 35-இல் லென்ஸைச் சுற்றியிருக்கும் குமிழ் குமிழான வளையம் செலீனியம் செல். வெளிச்சம் பட்டால் தானே மின்சாரம் தரும். தானியங்கி ‘ஏ’ நிலையில் வைத்து, உள்ளங்கையால் மூடி அழுத்துங்கள். வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டர் அடிக்க மறுக்க வேண்டும். வெயிலில் நீட்டி அழுத்தினால் கொடி எழாமல் அடிக்க வேண்டும். இரண்டும் நடந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. எங்கே நீட்டினாலும் கொடி எழுந்தால் செல் செத்திருக்கலாம், இல்லை மீட்டர் முள் சிக்கியிருக்கலாம்.

ஏஇ-1 அடிக்கும்போது இருமற மாதிரி கீச்சுன்னு சத்தம் போடுது.

கேனன் ஏ வரிசையில் ரொம்பப் பிரபலமான நோய். பிரதிபலிப்புக் கண்ணாடியின் வேகத்தைத் தணிக்கும் பல்சக்கரம் எண்ணெய் வற்றிப்போய்க் கத்துகிறது. எண்ணெய் வேண்டாம் என்று மேலே சொன்னேனே, அதற்கு இது விதிவிலக்கு. ஆனால் ஒரே ஒரு துளி, நீண்ட ஊசி முனையில், அந்தச் சக்கரத்தின் அச்சில் மட்டும். இடம் தெரியாமல் குத்தினால் துளி கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் கொடுத்துச் செய்வது நல்லது. கத்திக்கொண்டே இருந்தால் சக்கரம் தேயும், தள்ளிப்போட வேண்டாம்.

படத்துல ஆரஞ்சு கலர்ல கோடு விழுது. எங்க இருந்து வெளிச்சம் வருது?

நெகட்டிவை கையில் எடுத்துப் பாருங்கள், அச்சிட்ட படமோ ஸ்கேனோ போதாது. கறை பல்துளை ஓரத்தையும் தாண்டிப் போயிருந்தால் பின்கதவு கசிகிறது. லைட் சீல் பற்றிய பதிலுக்குப் போங்கள். கறை படச்சட்டத்துக்குள் மட்டும் நின்று, ஓரம் சுத்தமாக இருந்தால் வெளிச்சம் முன்பக்கமிருந்து வருகிறது: ஷட்டர் திரை, அல்லது லென்ஸ் பொருந்தும் இடம்.

இன்னொன்று, ஃபிலிமில் உருவம் தலைகீழாகவும் இடவலமாகவும் விழுகிறது. படத்தின் மேல்பக்கம் தெரியும் கசிவு கேமராவின் அடிப்பக்கத்தது. படத்தின் இடது ஓரத்தில் வருவது, பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம் இருக்கும் கதவுக் கீலிலிருந்து. இதைத் தெரிந்துகொள்ளாமல் தவறான பக்கத்துக்குப் பஞ்சு ஒட்டிவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

துணித் திரை என்றால் ஊசித்துளை இருக்கலாம். லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமாகத் திரையைப் பாருங்கள். பிரதிபலிப்புக் கண்ணாடி மறைத்தால், பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திரையைத் திறந்தே வைக்கும் ‘பி’ நிலைக்குப் போகாமல் விரலால் மெல்லத் தூக்கிக்கொள்ளுங்கள். நட்சத்திரம் போலப் புள்ளி தெரிந்தால் துளை. பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை (இரட்டை உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் வகை) லென்ஸ் மூடி போடாமல் வெயிலைப் பார்க்க வைத்தால் லென்ஸே திரையைச் சுட்டுத் துளை போட்டுவிடும்.

1/1000-ல எடுத்தா ஒரு பக்கம் இருட்டாகுது. மத்த வேகத்துல நல்லா வருது.

வேகமான ஷட்டரில் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. இடையில் உள்ள மெல்லிய இடைவெளிதான் படத்தை எடுக்கிறது. பழைய கிரீஸால் முதல் திரை சோர்ந்தால், இரண்டாவது அதைப் போகும் வழியிலேயே பிடித்துவிடும். இடைவெளி மூடும், ஒரு பக்கம் இருட்டு.

திரையின் ஸ்பிரிங்கை முறுக்கினால் சரியாகும் என்று வீடியோவில் காட்டுவார்கள். அழுக்கை எடுக்காமல் முறுக்கினால் இன்று சரியாகி, நாளை இன்னும் மோசமாகும். முழு சர்வீஸ்தான் தீர்வு. அதுவரை அந்த வேகத்தைத் தவிர்த்து ஓட்டலாம். நம் ஊர் நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டால் எஃப்/16-இல் 1/500 கேட்கும். ஐஎஸ்ஓ 100 போட்டால் அதே எஃப்/16-க்கு 1/125 போதும், நோயான வேகத்தைத் தொடவே வேண்டாம்.

கைபேசி ஆப் வச்சு ஷட்டர் வேகம் பாத்தேன், 1/500 தப்புன்னு காட்டுது. நம்பலாமா?

சத்தத்தை வைத்து அளக்கும் ஆப் மெதுவான வேகங்களுக்குச் சரி. 1/125-க்கு மேலே கண்ணாடி, திரை எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்துவிடும், எது திறப்பு எது மூடல் என்று பிரிக்க முடியாது. வெளிச்சத்தை உணரும் சென்சாரைக் கைபேசியில் செருகி அளந்தால் நம்பலாம். நொடிக்கு 240 சட்டம் எடுக்கும் ஸ்லோமோஷனில் 1/30 என்பது எட்டுச் சட்டம்; அதுவரை எண்ணிப் பார்க்கலாம்.

ஒன்று சொல்லட்டுமா, பழைய கேமராவில் 1/1000 என்பது 1/700 ஆக இருந்தால் அதைப் பழுதாகவே நான் கணக்கில் எடுப்பதில்லை. நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கும். ஸ்லைடு ஃபிலிம் போடுகிறவர்கள் மட்டும் கவலைப்படலாம்.

சரி, நானே கழத்திப் பாக்கறேன். என்ன ஸ்க்ரூடிரைவர் வேணும்?

ஜப்பான் கேமராவுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனை. கடையில் கிடைக்கும் ஃபிலிப்ஸ் முனை பார்க்க அதே போல இருக்கும், அழுத்தித் திருப்பினால் நழுவித் தலையைச் சிதைக்கும். திருகு நகரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். பூட்டுவதற்கு அரக்கு தடவியிருப்பார்கள். ஒரு துளி அசிட்டோன் விட்டு, பிளாஸ்டிக்கில் படாமல், கொஞ்சம் காத்திருங்கள். ஃபிலிம் நெம்பின் மேலுள்ள வளையம் சில மாதிரிகளில் இடமறை, எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்.

ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் எடுங்கள். ஐஸ் கட்டித் தட்டில் கழற்றிய வரிசைப்படி திருகுகளை வையுங்கள். ஒரே மாதிரி தெரியும் மூன்று திருகில் ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் நீளமாக இருக்கும்; அதை இடம் மாற்றிப் போட்டால் உள்ளே எதையாவது முட்டும்.

ஃபிளாஷ் உள்ள சின்ன கேமராவும் அப்படிக் கழத்தலாமா?

வேண்டாம். ஃபிளாஷுக்கான கப்பாசிட்டரில் 300 வோல்ட் பக்கம் இருக்கும். பேட்டரியை எடுத்துப் பல நாள் ஆன பிறகும் தங்கியிருக்கலாம். சரியான ரெசிஸ்டர் வைத்து அதை இறக்கத் தெரியாதவர்கள் கைவைக்கக் கூடாது.

லென்ஸைக் கழுவி மாட்டினேன். இப்ப தூரத்துல இருக்கறது எதுவும் தெளிவா இல்ல.

ஃபோகஸ் மறையைப் பிரித்திருக்கிறீர்கள். அதில் ஒரே இடத்தில் தொடங்கும் புரி இல்லை, பல தொடக்கங்கள் உண்டு. பிரியும் கணத்தில் இரண்டு பாகத்திலும் ஒரு கீறல் போட்டுக்கொள்ளாவிட்டால், மறுபடி மாட்டும்போது தவறான தொடக்கத்தில் ஏறிவிடும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

சரியாக ஏறியதா என்று பார்க்க ஃபிலிம் வீணாக்க வேண்டாம். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் உட்காரும் உள் விளிம்பில் ஒரு தட்டையான பனிக்கண்ணாடித் துண்டை வையுங்கள். ஷட்டரை ‘பி’யில் பூட்டி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, உருப்பெருக்கியால் பாருங்கள். இரவில் எஸ்பிளனேடு கடற்கரையில் நின்றால் எதிரே பட்டர்வொர்த் விளக்குகள் இருக்கின்றன, அதைவிட நல்ல இலக்கு கிடைக்காது. வளையம் முடிவிலிக் குறியில் நிற்கும்போது விளக்குகள் புள்ளியாகத் தெரிய வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் முதலில் லென்ஸை இப்படிச் சரிசெய்துவிட்டு, பிறகுதான் வியூஃபைண்டரில் இரட்டை உருவத்தை ஒன்றாக்க வேண்டும். வரிசையை மாற்றினால் இரண்டும் சேர்ந்து தவறும்.

என் தகுமார் லென்ஸ் மஞ்சளா இருக்கு. கதிர்வீச்சுன்னு பயமுறுத்தறாங்க?

உண்மைதான். பென்டாக்ஸின் சூப்பர் தகுமார் 50 மிமீ எஃப்/1.4-இன் பிந்தைய வடிவத்தில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. அதன் கதிர்வீச்சே கண்ணாடியை மஞ்சளாக்குகிறது. எடுத்துப் படம் பிடிப்பதில் ஆபத்தில்லை. உடைக்கவோ தேய்க்கவோ கூடாது, தூள் உடம்புக்குள் போகக் கூடாது. புறஊதா எல்இடி விளக்கடியில் சில நாள் முதல் சில வாரம் வைத்தால் மஞ்சள் குறையும். ஜன்னல் வெயிலில் வைக்கச் சொல்வார்கள், நம் ஊரில் அது கிரீஸை உருக்கும். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள்.

தைப்பூசத்துல கேமரா மேல இளநீர் தெறிச்சிருச்சு, விபூதியும் விழுந்திருக்கு.

ரத ஊர்வலத்துக்கும் தண்ணீர்மலைக்கும் மறுநாள் வருகிற கேள்வி. விபூதியைத் துடைக்காதீர்கள், ஊதுங்கள். ரப்பர் ஊதியால் முழுக்க ஊதிய பிறகுதான் தாள் தொடலாம், இல்லாவிட்டால் அது அரமாக வேலை செய்யும். தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் இருக்கிறது. காயவிட்டால் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து அன்றிரவே துடையுங்கள். பிறகு ஏர்கான் அறையில் வைத்து, வெளியே எடுக்கும்போது ஜிப் பையில் போட்டு அரை மணி நேரம் விட்டு எடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும்.

கடலில் விழுந்ததென்றால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, அப்படியே ஈரத்தோடு கொண்டுவாருங்கள். காயவைத்துக் கொண்டுவந்தால் துருவைத்தான் பார்க்க முடியும்.

எக்ஸ்-700 அசையவே மாட்டேங்குது. சரி பண்ணறதுக்கு அம்மாம் வெள்ளி செலவு பண்ணலாமா?

மினோல்ட்டா எக்ஸ்-700-இல் நெம்பும் ஷட்டரும் சேர்ந்து பூட்டிக்கொண்டால், பேட்டரி புதிதாக இருந்தும் அடிக்காவிட்டால், முதல் சந்தேகம் அடித்தட்டுக்குள் இருக்கும் கப்பாசிட்டர். அது சில வெள்ளி விலையுள்ள பாகம், சால்டரிங் வேலை. அதனால் செய்யலாம். ஆனால் மின்பலகையே போய்விட்டால் பாகம் எங்கும் புதிதாகக் கிடைக்காது. செத்த இன்னொரு எக்ஸ்-700-இலிருந்து எடுக்க வேண்டும், அதுவும் எத்தனை நாள் ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது. முழு மெக்கானிக்கல் கேமராவுக்குச் செலவழிக்க நான் யோசிப்பதில்லை. மின்னணு கேமராவுக்கு, அதே மாதிரி ஓடும் ஒன்றை வாங்கும் விலையைத் தாண்டாத வரை செலவழியுங்கள்.

ஏற்கெனவே கழட்டிட்டேன், மாட்டத் தெரியல. அப்படியே கொண்டு வரலாமா?

வரலாம். மைலோ டின்னில் மொத்தமாகப் போட்டுக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வேன், நாள் மட்டும் கூடும். எந்தத் திருகில் தொடங்கினீர்கள், எது முதலில் தானாகத் துள்ளி விழுந்தது, எண்ணெய் ஏதாவது விட்டீர்களா என்று ஒரு தாளில் எழுதி டின்னுக்குள் போடுங்கள். கழற்றும்போது எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் அனுப்பிவிடுங்கள்.